ஐந்து பொத்தான் சூடு

ஜூன் 3

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரி எழுதுவது.

ஆற்றுவெள்ளம் சினிமாக் கொட்டகையின் மூன்றாம் படி வரை ஏறி, படம் பார்க்க வந்தவர்களைப் படகில் வீடு சேர்த்த வருஷம். மணிக்கூண்டுக் கடிகாரம் பத்தேகாலில் நின்றுபோய், ரிப்பேர் பார்க்க ஆளில்லாமல் ஆறு மாதம் ஊருக்கே பத்தேகாலாக இருந்த வருஷம். நீ உன் அம்மா வயிற்றில் ஐந்து மாதம். அந்த வருஷம்தான் ஆலையில் இரண்டாம் நம்பர் கொதிகலன் வெடித்தது. அதற்கப்புறம் என் கையைப் பயமுறுத்துகிற சூடு எதையும் நான் தொட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை தொட்டேன். நீ தையல்காரிக்கு அனுப்பிய புது லேப்டாப்பில்.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் பேரம் பேசுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். கொதிகலனில் வேலை பார்த்த நாங்கள் உள்ளங்கையை வைத்து எண்ணுவோம். இருபது வரை கை தாங்கினால் வெதுவெதுப்பு. பத்து என்றால் ஒரு கண் வைத்திரு. ஐந்து என்றால் நெருப்பை வெளியே இழு. உன் பெட்டியின் அடியில், இடது மூலையில், என் கை ஏழு வரைதான் தாங்கியது. தையல்காரி சட்டை வெட்டும் படங்களையும் ஆட்களின் அளவுகளையும் அதில்தான் வைத்திருக்கிறாள். பார்த்துச் சொல்.

இங்கே கீழே இருப்பது என் கைநாட்டு.

---

ஜூன் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். பேரம் படியட்டும். காதுக் கருவியைத் திரும்ப அலமாரியில் படுக்க வைத்துவிட்டீர்களாமே, கீழ்வீட்டு அக்கா போனில் காட்டிக்கொடுத்துவிட்டாள். அது இருந்தால் போனிலேயே பேசிவிடலாம்.

அப்பா, கோபித்துக்கொள்ளாதீர்கள். லேப்டாப் கொதிகலன் இல்லை. வேலை செய்தால் கொஞ்சம் சுடத்தான் செய்யும். அக்கா அதைத் துணிக்குவியல் மேல் வைத்திருப்பாள். அடியில் காற்று போய்வர வழி இருக்கிறது, துணி அதை அடைத்துவிடும். ஒரு பலகை மேல் வைக்கச் சொல்லுங்கள்.

இந்தப் புது மாடலுக்குச் சூட்டுச் சோதனை வைத்ததே நான்தான். நாற்பது பெட்டிகள், பத்து நாள், நிறுத்தாமல் ஓடின. நாற்பத்திரண்டு டிகிரியை ஒன்றுகூடத் தாண்டவில்லை. "தேறியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். இருபது வருஷத்தில் நான் தேற்றிய எதுவும் திரும்பி வந்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்.

---

ஜூன் 25

அன்பு மகளுக்கு அப்பா.

தைலம் வந்தது. வாசனைக்கே வலி பாதி ஓடிவிட்டது. காதுக் கருவி எனக்கு ஆகாது. அதை மாட்டினால் தலைக்குள் தேனீக்கூடு. இப்போதிருக்கிற ஏற்பாடே நல்லது. தையல்காரி என் இடது காதில் வாயை வைத்து உன் கடிதத்தைக் கத்துகிறாள். முதலில் தெரு கேட்கிறது, அப்புறம் நான் கேட்கிறேன். எதிர்வீட்டுக் கிழவருக்கும் உன் சோதனைச் சாலை அத்துப்படி.

பலகை வைத்தோம். ஒரு நாள் துணிமேல், மறுநாள் பலகைமேல் என்று மாற்றி மாற்றி எட்டு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், நான் கையை வைத்து எண்ணினேன். எனக்கு எழுதத் தெரியாது, எண்ணத் தெரியும். தையல்காரியின் டப்பாவிலிருந்து பொத்தான் எடுத்து நூலில் கோத்திருக்கிறேன். ஒரு எண்ணுக்கு ஒரு பொத்தான், ஒரு நாளைக்கு ஒரு முடிச்சு. வெள்ளைப் பொத்தான் துணிமேல் வைத்த நாள். கறுப்பு, பலகைமேல் வைத்த நாள். நூலை உறைக்குள் போட்டிருக்கிறேன். நீயே பார். வெள்ளையும் ஐந்து, கறுப்பும் ஐந்து. ஒரு நாள் கறுப்பு நாலு.

தையல்காரி சிரிக்கிறாள். "பெரியப்பா, உங்க மக பாஸ் போட்ட பெட்டிக்கு நீங்க மறுபரீட்சை வைக்கிறீங்களே!" "பரீட்சை எழுதாதவன்தான் பயமில்லாம பரீட்சை வைப்பான், நீ பொத்தானை எடு" என்றேன்.

இவள் அப்பன் சீட்டி இருந்தால் மூன்றிலேயே கையை உதறியிருப்பான். மெல்லிய தோல். வேலை நேரம் முழுக்கச் சீட்டியடிப்பான், அதனால் அந்தப் பேர். அவன் சத்தம் நின்றால்

(இந்த இடத்தில் பெரியப்பா நிறுத்திவிட்டு, "அத விடு, வேற எழுது" என்றார். பொத்தான் டப்பாவை மூடிவிட்டு எழுந்துவிட்டார். அப்பா பேச்சு வந்தாலே இவருக்கு இப்படித்தான். ஊருக்கே தெரிந்ததுதானே, கொதிகலன் முன்னால் தூங்கி, தானும் செத்து மூன்று பேரையும் சாகடித்தவரின் மகள் நான். எனக்குப் பழகிவிட்டது, அவருக்குத்தான் பழகவில்லை. - தையல்காரி)

---

ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

உங்கள் பொத்தான் சரத்தை மேசையில் தொங்கவிட்டிருந்தேன். கூட இருப்பவர்கள் பாசிமணி விற்கப் போகிறாயா என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வெள்ளையும் கறுப்பும் ஒரே நீளமாக இருந்ததை மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தேன். துணிதான் காரணம் என்றால் கறுப்பு நீளமாக இருந்திருக்க வேண்டும்.

நேற்று டீயைச் சோதனை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு போன் பேசப் போனேன். திரும்பி வந்தால் டீ ஆறிக் கிடக்கிறது. தம்ளரை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தொட்டேன். மேசை சுட்டது.

அப்பா, எங்கள் சோதனை மேசை ஸ்டீல் தகடு. சுத்தமாக இருக்கும், துடைக்க எளிது என்று நான்தான் கேட்டு வாங்கினேன். நாற்பது பெட்டிகளின் சூட்டையும் அந்தத் தகடு பத்து நாள் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. யார் வீட்டில் ஸ்டீல் மேசை இருக்கிறது? மரத்தில் வைப்பார்கள், மெத்தையில் வைப்பார்கள், மடியில் வைப்பார்கள். நேற்றே ஒரு பெட்டியை மரப்பலகையில் வைத்து ஓட்டினேன். ஐம்பத்தாறு டிகிரி. உள்ளே பேட்டரி ஓரமாக அறுபத்தெட்டு.

மேலாளரிடம் சொன்னேன். "கடைக்குப் போன சரக்கும்மா இது. அவசரப்படாதீங்க, பார்க்கலாம்" என்றார்.

அக்காவை அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அக்கா, உன் போன் நேற்றிலிருந்து கிடைக்கவில்லை, இதை நீ வாசித்த உடனே பெட்டியை அணைத்து வை.

---

ஆகஸ்ட் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று வாரத்துக்கு மேலாகிவிட்டது. பதில் இல்லை. அக்காவின் போன் இன்னும் அணைந்தே கிடக்கிறது. உடம்புக்கு ஏதாவதா? எதிர்வீட்டு ஐயாவையாவது இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். இந்த வாரம் தெரியாவிட்டால் கிளம்பி வந்துவிடுவேன்.

---

ஆகஸ்ட் 4

அடியே, பயப்படாதே. பெரியப்பா கல்லுக்குண்டு. எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதே என்று பார்க்கிறாயா? இடது கையால் எழுதுகிறேன்.

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. பெட்டி எட்டாம் தேதியே வேலையைக் காட்டிவிட்டது. காலையிலிருந்தே மூடி சரியாக மூடவில்லை, நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது. ஒரு கோட்டின் அளவைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். புஸ் என்று ஒரு சத்தம், புகை, அப்புறம் தீ. கோட்டைக் காப்பாற்றப் போய்க் கையைக் கொடுத்துவிட்டேன். உள்ளங்கையும் மூன்று விரலும். கத்தரிக்கோல் பிடிக்க இன்னும் இரண்டு மாதமாம். மூன்று நாளாக ரிப்பேராகிக் கிடந்த போனும் அதே மேசையில்தான் இருந்தது, கோட்டோடு அதுவும் போயிற்று.

காது கேட்காத உன் அப்பாவுக்கு அந்தப் புஸ் மட்டும் எப்படித்தான் கேட்டதோ! மாடிப்படியில் முழங்காலோடு பேரம் பேசுகிறவர், அன்றைக்கு ஒரே தாவல். மண்வாளியைக் கவிழ்த்து அணைத்தார். என் கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தூங்கல, நீ தூங்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டப்பகலில் நான் எங்கே தூங்கினேன்? அதிர்ச்சி, பாவம்.

உன் கம்பெனிக்குப் புகார் அனுப்பியாயிற்று. பத்தொன்பதாம் நம்பராம்.

---

ஆகஸ்ட் 11

அன்புள்ள அப்பாவுக்கு, அக்காவுக்கும்.

அக்கா, கை எப்படி இருக்கிறது? மருந்து தவறாமல் போடு. இந்தக் கடிதத்தை நீதான் அப்பா காதில் சொல்லப் போகிறாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் முதுகுக்குப் பின்னால் எழுத எனக்கு மனம் வரவில்லை.

புகார் முப்பத்தொன்று ஆகிவிட்டது. கம்பெனி ஒரு தாள் தயார் செய்திருக்கிறது. வந்த புகார்களில் பெரும்பாலானவற்றில் பெட்டி துணிமேல் வைக்கப்பட்டிருந்தது, அதனால் இது வாங்கியவர்களின் கவனக்குறைவு என்று. பத்தொன்பதாம் புகாரை உதாரணமாகவே போட்டிருக்கிறார்கள். "தொழில்முறைத் தையல்காரர், துணிக்குவியலின் மேல்." சோதனைப் பிரிவின் தலைவி என்று என் கையெழுத்து வேண்டுமாம். செப்டம்பர் பதினைந்துக்குள்.

போடாவிட்டால் என்ன ஆகும் என்றும் மேலாளர் சொல்லிவிட்டார். "ஸ்டீல் மேசை யார் கேட்டு வாங்கினது? பழைய தாள்ல யார் கையெழுத்து இருக்கு? யோசிங்க" என்றார். தப்பு முழுக்க என் தலையில் விழும். இருபது வருஷமும் போகும்.

என்ன செய்வதென்று தெரியவில்லை.

---

ஆகஸ்ட் 19

அன்பு மகளுக்கு அப்பா. நான் சுகம். போடாதே.

(இவ்வளவுதான் சொன்னார். கைநாட்டை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். மீதித் தாள் காலியாகக் கிடப்பதால் நான் எழுதுகிறேன். நீ எனக்காக வேலையை விட்டுவிடாதே. துணிமேல் வைத்தாள் என்று எழுதினால் எழுதிக்கொள். சில நாள் வைத்தேன்தானே? தூங்குமூஞ்சி மகள் என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு கெட்ட பேர் இருக்கிறது, இன்னொன்றுக்கும் இடம் உண்டு. - தை.)

---

ஆகஸ்ட் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

"போடாதே" என்ற ஒரு சொல்லுக்கு உறையும் தபால்தலையும் எதற்கு?

கோபத்தில்தான் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அக்கா தன் பேரை எழுதிக்கொள் என்கிறாள். நீங்கள் போடாதே என்கிறீர்கள். இரண்டு பேரும் பெரிய மனசுக்காரர்கள். நடுவில் நான் மட்டும்தான் கோழை. உங்களுக்குச் சொல்வது எளிது அப்பா. கடைசி வரை நெருப்பு, நிலக்கரி, மண்வெட்டி. உங்கள் எதிரில் ஒரு தாளை வைத்து, இதில் கை வைத்தால் உன் வீடு நிற்கும், வைக்காவிட்டால் விழும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருந்தால் அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள், நானும் அதையே செய்கிறேன்.

---

செப்டம்பர் 3

அன்பு மகளுக்கு அப்பா.

நீ கேட்டுவிட்டாய். சொல்கிறேன். வேறு யாரையாவது எழுதச் சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எதிர்வீட்டுக்காரரின் கையெழுத்து அழகு. ஆனால் இதை எழுத வேண்டிய கை ஒன்றுதான். கட்டுப் பிரித்துவிட்டார்கள், பேனா பிடிக்கிறாள். பெண்ணே, நான் சொல்வதை ஒரு சொல்கூட விடாமல் எழுது. பேனாவை நிறுத்தாதே.

இரண்டாம் நம்பர் கொதிகலனில் அழுத்தம் மீறினால் ஆவியை வெளியே விட ஒரு வால்வு உண்டு. ஆர்டர் அவசரம், ஆவி வீணாகிறது என்று மேஸ்திரி அதைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார். அவர் ஏறிய ஏணியைப் பிடித்தவன் நான். சீட்டி கீழே நின்று, "அண்ணே, பானை வாயை அடைச்சுட்டு அடுப்பை எரிக்கிறீங்க, நாளைக்கு நம்ம வாய்லதான் மண்ணு" என்றான். மேஸ்திரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை. நான் நிலக்கரிக் குவியலுக்கு அந்தப் பக்கம். சீட்டி உலைக்கு முன்னால். அவன் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். நல்ல காதால் நான் கடைசியாகக் கேட்டது அதுதான். அந்தப் பாட்டு பாதியில் நின்றது. அதோடு என் காதும் போயிற்று.

தூங்குகிறவன் சீட்டியடிப்பானா?

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஆலை எழுத்தர் ஒரு தாளோடு வந்தார். அவர் வாய் அசைந்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை, படிக்கவும் தெரியாது, எனக்கு என்ன தெரியும் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய். எழுத்தர் விஷயம் தெரிந்தவர். சீட்டியின் தொப்பியை எடுத்துக் காட்டினார். அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். அப்புறம் ஜன்னல் வழியே ஆலை வீடுகளைக் காட்டினார். அங்கே உன் அம்மா உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு வாசலில் நின்றாள். குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்கும் புரிந்தது. கட்டை விரலை நானே நீட்டினேன்.

செப்டம்பர் 7, அதே கடிதம்

(விரலை நீட்டினேன் என்ற இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நாலு நாள் மாடிக்கு ஏறவில்லை. அவரும் கீழே வரவில்லை. அடியே, உன்னிடம் என்ன எழுத? நாற்பத்தைந்து வருஷம் என் அம்மா சாகும்வரைக்கும் தலைகுனிந்து நடந்தாள். அதை மேல்வீட்டு ஜன்னலிலிருந்து இவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்று ஏறிப் போனேன். திட்டத்தான் போனேன். வாய் வேறு ஒன்றைக் கேட்டுவிட்டது. "எங்கப்பா என்ன பாட்டு அடிச்சாரு?" என்று அவர் காதில் கத்தினேன். அவர் உதட்டைக் குவித்தார். பல்லில்லாத வாயில் காற்றுதான் வந்தது. ஊதிக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, பாட்டில் ஒரு அடி வந்தது.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அவரும் நினைக்க வேண்டாம். கடிதத்தை முடிக்கத்தான் பேனா எடுத்தேன். - தை.)

மகளே, என்ன செய்தீர்கள் என்று கேட்டாய். இதுதான் செய்தேன். வீடு நின்றது. அதில்தான் நீ பிறந்தாய். அந்த வீட்டில் ஒரு நாளும் நான் நிமிர்ந்து தூங்கியதில்லை. நான் செய்ததையே நீயும் செய்கிறேன் என்றாயே. அப்பன் மேல் நான் வைத்த கட்டை விரலை மகள் மேல் நீ வைக்கிறாயா? யோசித்து, உன் இஷ்டம்போலச் செய்.

---

செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு, அக்காவுக்கும்,

அவர்கள் தாளில் கையெழுத்துப் போடவில்லை. நானே ஒரு தாள் எழுதினேன். சோதனை மேசை ஸ்டீல், அதைக் கேட்டு வாங்கியது நான், தேறியது என்று எழுதியது தப்பு, துணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மரப்பலகையில் மறுபடி அளந்த நாற்பது அளவுகளையும் சேர்த்தேன். பொத்தான் சரத்தைப் படமெடுத்து முதல் பக்கத்திலேயே ஒட்டினேன். அதைக் கம்பெனிக்கு ஒன்று, பொருள்களின் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அலுவலகத்துக்கு ஒன்று, புகார் கொடுத்த முப்பத்தொரு பேருக்கும் ஒவ்வொன்று அனுப்பினேன். அக்காவுக்கு அனுப்பியது இதற்குள் வந்திருக்கும்.

நேற்றிலிருந்து கடைகளில் அந்த மாடல் விற்பனை நின்றிருக்கிறது. விற்றதையெல்லாம் திரும்ப வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னையும் திரும்ப அனுப்பிவிட்டார்கள். மேசையைக் காலி செய்ய ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். பத்து நிமிஷம் போதுமாக இருந்தது.

சனிக்கிழமை வருகிறேன். அப்பா, உங்களிடம் எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. நேரில் வந்து காதுக்குள் கத்துகிறேன். தெரு கேட்கட்டும்.

---

செப்டம்பர் 24

அன்பு மகளுக்கு அப்பா. நான் சுகம். நீ கத்துவதற்காக இடது காதைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்.

நீ வருவதற்குள் ஒரு வேலையை முடித்துவிட வேண்டும் என்று நேற்று தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். தையல்காரியும் வந்தாள். கூட வந்தாள், ஆனால் நாலடி தள்ளித்தான் நடந்தாள். அவள் எழுதி, எனக்கு ஒவ்வொரு வரியாகக் கத்திக் காட்டி, நான் ஆமாம் ஆமாம் என்ற தாள் கையில் இருந்தது. வால்வைக் கட்டியது, ஏணியைப் பிடித்தது, சீட்டி விழித்திருந்தது, நான் பொய்க்குக் கைநாட்டு வைத்தது, எல்லாம். கீழே, இத்தனை வருஷத்துக்கப்புறம், அதே கட்டை விரல்.

அங்கிருந்த எழுத்தர் சின்ன வயசுக்காரர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் சொன்னதைத் தையல்காரி என் காதில் கத்தினாள். "பெரியவரே, அந்த ஆலையே இப்போ இல்ல. இத வாங்கி நான் எந்தக் கோப்புல வைக்கறது? இத்தன வருஷம் கழிச்சு இது யாருக்கு வேணும்? யார் உயிரோட இருக்காங்க?"

நான் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். மேஸ்திரி, நீ மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் மாரடைப்பில் போனார். கன்னத்தில் கை வைத்துக் காட்டிய ஆலை எழுத்தர், பாலத்தில் லாரி கவிழ்ந்த வருஷம். சீட்டியோடு செத்த மூன்று பேர், அவர்களில் இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை, மூன்றாமவனின் அம்மா அந்த வருஷக் கடைசியிலேயே போய்விட்டாள். உன் அம்மாவுக்கு நான் சொல்லவே இல்லை, சொல்லாமலே அனுப்பிவிட்டேன். சீட்டியின் பெண்டாட்டி, கீழ்வீட்டில், தலை நிமிராமலே. என்னை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், நான் சொல்ல வேண்டியவன், கேட்க வேண்டியவன் இல்லை என்றேன்.

"அப்போ யாருமே இல்லையே" என்றார் எழுத்தர்.

இருக்கிறாள் என்றேன். அன்றைக்கு நாலு வயசு. அப்பனுக்குக் காலைச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அம்மா கையைப் பிடித்து ஆலை வாசல் வரைக்கும் வந்தவள். உங்களுக்கும் எனக்கும் நடுவில் நின்று, நீங்கள் சொல்வதை என் காதில் கத்திக்கொண்டிருக்கிறவள். சீட்டியின் மகள்.